நேட்டோ நின்றது, சீட்டோவும் சென்டோவும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "கம்யூனிசத்துக்கு எதிராக முதலாளித்துவ நாடுகள் எல்லாம் ஒன்றாக நின்றன என்று படித்தோம். நேட்டோ இன்னும் இருக்கிறது. அதே காலத்தில் தொடங்கிய சீட்டோவும் சென்டோவும் எங்கே போயின? இரண்டிலும் உறுப்பினராக இருந்த பாகிஸ்தானை 1965லும் 1971லும் யாரும் ஏன் காப்பாற்ற வரவில்லை?" இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அவர் கேட்க வந்தது ஒன்றுதான். மேற்கு நாடுகள் ஐரோப்பாவுக்கு நேட்டோ, தென்கிழக்கு ஆசியாவுக்கு சீட்டோ, மேற்கு ஆசியாவுக்கு சென்டோ என்று ராணுவக் கூட்டணிகள் அமைத்தன. ஒரே எதிரியைக் காட்டிச் சேர்ந்த அந்தக் கூட்டணிகளில் ஒன்று பிழைக்கவும் மற்றவை சாகவும் என்ன காரணம்? நான் கல்லூரியில் பல வருடம் பன்னாட்டு அரசியல் வரலாறு நடத்தியவன். போட்டித் தேர்வுக் கையேடுகளில் சீட்டோ என்றால் 1954, மணிலா, தலைமையகம் பாங்காக் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு குறையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைக்கிற அமெரிக்க, பிரிட்டிஷ் ஆவணங்களும் அவற்றை வைத்து எழுதப்பட்ட வரலாறுகளும்தான். தாய்லாந்து, ஈரான் அரசுகளின் கோப்புகள் என் கைக்கு எட்டாதவை. அந்தப் பக்கத்து நியாயம் இந்தப் பதிலில் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில், "முதலாளித்துவ நாடுகள் எல்லாம் ஒன்றாக நின்றன" என்பதையே சற்றுத் திருத்த வேண்டும். சுவீடன், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பின்லாந்து ஆகியவை சந்தைப் பொருளாதார நாடுகள்தான். பனிப்போர் முழுக்க நேட்டோவுக்கு வெளியேதான் இருந்தன. மறுபக்கம், டிட்டோவின் யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடு. அது ஸ்டாலினோடு முறைத்துக்கொண்ட பிறகு, நேட்டோ உறுப்பினர்களான கிரீஸ், துருக்கியோடு 1954 ஆகஸ்டில் பிளெட் நகரில் ராணுவ ஒப்பந்தமே போட்டது. அப்படியானால் ஜனநாயகம்தான் இவர்களைச் சேர்த்ததா என்றால் அதுவும் இல்லை. நேட்டோவின் நிறுவன உறுப்பினர்களில் சலாசாரின் சர்வாதிகாரப் போர்ச்சுகலும் ஒன்று. ஆக, கூட்டணியில் யார் இருந்தார்கள் என்பதைப் பொருளாதாரக் கொள்கையை வைத்துப் பார்த்தால் புரியாது. யார் யாருக்குப் பயந்தார்கள், யாரிடமிருந்து ஆயுதம் எதிர்பார்த்தார்கள் என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

நேட்டோவில் அந்தப் பயம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. ஜூனில் சோவியத் யூனியன் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயில்பாதையையும் அடைத்தது. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டபோது அந்த முற்றுகை இன்னும் நீங்கவில்லை. ஆனால் கையெழுத்தானதும் நேட்டோ பெரிய படையாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் அது பெரும்பாலும் காகிதம்தான். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்த பிறகுதான் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமை உருவானது. ஐசன்ஹோவர் அதன் முதல் தளபதியானார். 1950களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் சுமார் 4 லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். குடும்பம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊரோடு ஊராக இருந்த படை அது. சண்டை வந்தால் முதல் நாளே அமெரிக்கர்களும் சாவார்கள் என்பது மாஸ்கோவுக்கும் தெரியும், மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரத்துக்கும் தெரியும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. "நேட்டோவின் 5வது பிரிவு பலமானது, சீட்டோவின் 4வது பிரிவு பலவீனமானது, வித்தியாசம் அவ்வளவுதான்" என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 5வது பிரிவு ஒருவர் மீதான தாக்குதலை எல்லோர் மீதுமான தாக்குதலாகக் கருதச் சொல்கிறது, சரி. ஆனால் அதற்காக ஒவ்வொரு நாடும் செய்ய வேண்டியது "தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கை" மட்டுமே. போருக்கு வந்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. சீட்டோவை உருவாக்கிய மணிலா ஒப்பந்தமோ, தாக்குதல் நடந்தால் ஒவ்வொரு நாடும் தன் அரசியல் சட்ட நடைமுறைப்படி செயல்படும் என்கிறது. எழுத்தில் வித்தியாசம் உண்டுதான். அதைவிடப் பல மடங்கு பெரிய வித்தியாசம் தரையில் இருந்தது. சீட்டோவுக்கு நிரந்தரப் படை கிடையாது, போர்க்காலத் தலைமைத் தளபதி கிடையாது. பாங்காக்கில் ஒரு செயலகமும் ஒரு ராணுவத் திட்ட அலுவலகமும் இருந்தன. அவ்வப்போது கூட்டுப் பயிற்சிகள் நடந்தன.

அந்த சீட்டோ பிறந்த கதைக்கு வருவோம். 1954 மே 7 அன்று தியன் பியன் பூ விழுந்தது. பிரெஞ்சுப் படை வியட்நாமில் தோற்றது. ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு. ஏழே வாரத்தில், செப்டம்பர் 8 அன்று மணிலாவில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து. பெயர் தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு; தென்கிழக்கு ஆசிய நாடுகள் என்று எண்ணினால் இரண்டே இரண்டு. எந்த இடத்துக்காக இதையெல்லாம் செய்தார்களோ அந்தத் தென்வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றும் இதில் உறுப்பினர் இல்லை. ஜெனீவா உடன்பாடு அந்தப் பகுதி ராணுவக் கூட்டணிகளில் சேருவதைத் தடுத்திருந்தது. அதனால் ஒரு பின்னிணைப்பு போட்டு, இந்த மூன்றையும் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தப் பகுதியின் வடக்கு எல்லை பசிபிக்கில் 21 பாகை 30 கலை வட அட்சரேகை. வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள்: ஹாங்காங்கும் தைவானும் வெளியே நிற்கும். ஹாங்காங் பிரிட்டனின் காலனி, அதற்கே இந்தக் கதி. சீனாவோடு நேரடியாக மோத வேண்டிய இரண்டு இடங்களைக் கவனமாக ஒதுக்கிவிட்டுத்தான் சீனாவுக்கு எதிரான கூட்டணியை அமைத்தார்கள்.

இனி பாகிஸ்தான். அதன் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் மணிலாவில் போட்ட கையெழுத்துக்கு மேல் ஒரு குறிப்பு இருக்கிறது. தன் அரசின் பரிசீலனைக்கு அனுப்புவதற்காகவும், பாகிஸ்தான் அரசியல் சட்டப்படி நடவடிக்கை எடுப்பதற்காகவும் கையெழுத்திடுவதாக அது சொல்கிறது. மற்ற ஏழு பேருக்கு இப்படி ஒரு வாசகம் தேவைப்படவில்லை. தயக்கத்துக்குக் காரணம் அதே தாளில் அமெரிக்கா சேர்த்த ஒரு விளக்கம்: ஆக்கிரமிப்பு என்று ஒப்பந்தம் சொல்வது அமெரிக்காவைப் பொறுத்தவரை கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பு மட்டுமே, வேறு தாக்குதல் என்றால் கூடிப் பேசுவோம், அவ்வளவுதான். பாகிஸ்தானுக்கு இருந்த பயம் பீகிங்கை (இன்றைய பெய்ஜிங்) பற்றியதோ மாஸ்கோவைப் பற்றியதோ அல்ல, தில்லியைப் பற்றியது. நேரு கம்யூனிஸ்ட் இல்லை. அந்த ஒரு விளக்கத்திலேயே 1965க்கும் 1971க்கும் பதில் எழுதியாகிவிட்டது.

அப்படியும் பாகிஸ்தான் ஏன் சேர்ந்தது? ஆயுதம். 1954 மே மாதமே அமெரிக்காவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் செய்திருந்தது. மறுவருடம், பின்னால் சென்டோ ஆன பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. வாங்கியதற்குத் திருப்பியும் கொடுத்தது. 1960 மே 1 அன்று சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்திய யு-2 உளவு விமானம் பெஷாவரிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் 1965 செப்டம்பரில் போர் வந்து, சீட்டோவையும் சென்டோவையும் உதவிக்கு அழைத்தபோது, இரண்டு அமைப்பும் அசையவில்லை. ஈரானும் துருக்கியும் தனிப்பட்ட முறையில் கொஞ்சம் உதவின. அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமே ஆயுதம் தருவதை நிறுத்தியது. அமெரிக்க ஆயுதத்தையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அந்தத் தடை அதிகம் வலித்தது.

1971ல் நடந்ததைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வங்காள விரிகுடாவுக்கு எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வந்தது உண்மை. அது சீட்டோ அனுப்பிய கப்பல் இல்லை. நிக்சனும் கிசிஞ்சரும் தங்கள் கணக்குக்கு அனுப்பியது. என்ன கணக்கு? அதே வருடம் ஜூலையில் கிசிஞ்சர் பாகிஸ்தானுக்கு வந்தார், வயிற்றுவலி என்று சொல்லி ஓய்வெடுப்பதாகப் போக்குக் காட்டினார், அங்கிருந்து ரகசியமாகப் பீகிங்குக்குப் பறந்தார். சீனக் கம்யூனிசத்தைத் தடுக்க உருவான கூட்டணியின் உறுப்பு நாடுதான் அமெரிக்காவையும் சீனாவையும் சேர்த்துவைத்த தரகர். பாகிஸ்தான் 1963லேயே சீனாவோடு எல்லை உடன்பாடு செய்து நெருங்கிவிட்டிருந்தது. டாக்கா விழுந்த பிறகு, 1972ல் சீட்டோவை விட்டு விலகுவதாக அறிவித்தது. அந்தக் கப்பல் உண்மையில் சண்டையில் இறங்க வந்ததா, வெறும் மிரட்டலா, சீனாவுக்குக் காட்டிய சைகையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

சீட்டோவின் அசல் பரீட்சை இந்தத் துணைக்கண்டத்தில் நடக்கவில்லை, லாவோஸில் நடந்தது. 1961ல் லாவோஸ் கம்யூனிஸ்ட்கள் கைக்குப் போகும்போல இருந்தது. தாய்லாந்து பதறியது, மெகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவோஸ், இந்தப் பக்கம் தாய்லாந்து. பிரான்ஸ் படை அனுப்ப ஒப்பவில்லை, பிரிட்டனுக்கும் விருப்பமில்லை. அமைப்பு ஒருமனதாக முடிவெடுத்தால்தான் நகரும் என்பதால் அங்கேயே முடங்கியது. தாய்லாந்தைச் சமாதானப்படுத்த, 1962 மார்ச் 6 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்கும் தாய்லாந்தின் தனாட் கோமனும் ஓர் கூட்டறிக்கை விட்டார்கள். ஒப்பந்தக் கடமை கூட்டாக மட்டுமில்லாமல் தனித்தனியாகவும் உண்டு, மற்றவர்கள் சம்மதிக்கும்வரை அமெரிக்கா காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். தாய்லாந்துக்கு நிம்மதி. ஆனால் மற்றவர்கள் தேவையில்லை என்றான பிறகு கூட்டணி எதற்கு?

வியட்நாமில் இது பட்டவர்த்தனமானது. 1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய டோன்கின் வளைகுடா தீர்மானம் சீட்டோ கடமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. போரை நியாயப்படுத்த ஜான்சன் அரசு அந்த ஒப்பந்தத்தையே காட்டியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் படை அனுப்பின. பிரிட்டன் வரவில்லை, பிரான்ஸ் வரவில்லை, பாகிஸ்தான் வரவில்லை. நேச நாடுகளில் அதிகமான படையினரை அனுப்பியது தென்கொரியா. ஒரு கட்டத்தில் சுமார் 50,000 பேர். தென்கொரியா சீட்டோவில் உறுப்பினரே இல்லை. அப்படியானால் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸ் 1954ல் இந்த ஒப்பந்தத்தைப் போட்டதே பின்னால் இந்தோசீனாவில் தலையிடச் சட்டப் போர்வை வேண்டும் என்றுதானா? அப்படி வாதிடுகிறவர்கள் உண்டு. பீகிங்கை எச்சரித்து நிறுத்துவதே நோக்கம், போர்வையாக்கியது பின்னால் வந்தவர்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. பின்னிணைப்பைப் பார்த்தால் முதல் வாதத்துக்குப் பலம் இருக்கிறது, ஆனாலும் இது முடிந்த விவாதம் இல்லை.

சென்டோ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955 பிப்ரவரியில் துருக்கியும் ஈராக்கும் போட்டது பாக்தாத் ஒப்பந்தம். அந்த வருடமே பிரிட்டன், பாகிஸ்தான், ஈரான் சேர்ந்தன. யோசனையைத் தூண்டிய அமெரிக்கா கடைசிவரை முழு உறுப்பினராகவில்லை. அரபு மக்களிடம் இது பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் மறுபிறவி என்று எகிப்தின் நாசர் பேசினார், 1956ல் எகிப்து மீது பிரிட்டனும் சேர்ந்து நடத்திய சூயஸ் படையெடுப்பு அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது போல ஆயிற்று. 1958 ஜூலை 14 காலை, ஈராக் மன்னர் இரண்டாம் ஃபைசல் பாக்தாத் ஒப்பந்தக் கூட்டத்துக்காக இஸ்தான்புல் கிளம்ப வேண்டியிருந்தது. அன்று விடியற்காலையே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைக் கொன்றது. மறுவருடம் ஈராக் விலகியது. பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம் சென்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டு அங்காராவுக்குக் குடிபோனது. ஈரான் புரட்சிக்குப் பின் 1979ல் ஈரானும் பாகிஸ்தானும் வெளியேற, அதோடு சரி.

சேராமல் இருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீட்டோ ஆசியாவில் வேர்பிடிக்காததற்கு அவர்களும் காரணம். நேருவின் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரியும்: கூட்டணி பனிப்போரை நம் வாசலுக்குக் கொண்டுவருகிறது என்பது அவர் வாதம். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது இலங்கை. அப்போதைய பிரதமர் சர் ஜான் கொத்தலாவல கம்யூனிச எதிர்ப்பில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 1955ல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனியாதிக்கம்தானே என்று எழுந்து கேட்டவர். திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் இருந்தது. அப்படிப்பட்டவரே மணிலாவுக்குப் போகவில்லை. இலங்கை 1952லேயே சீனாவோடு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்திருந்தது. ரப்பர் விலை சரிந்து, அரிசி விலை ஏறிக் கிடந்த நேரம் அது. அமெரிக்கா கோபப்பட்டு உதவியை நிறுத்தியது. இலங்கை ஒப்பந்தத்தை விடவில்லை. கையெழுத்திட்டது இடதுசாரி அரசும் இல்லை, ஐக்கிய தேசியக் கட்சி அரசு. சோற்றுக்கு முன்னால் சித்தாந்தம் நிற்காது என்பதைக் கொழும்பு புரிந்துகொண்ட அளவுக்கு வாஷிங்டன் புரிந்துகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சீட்டோ தள்ளாடியதால் அமெரிக்கா ஆசியாவில் நட்பு இல்லாமல் போய்விடவில்லை. பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றோடு 1951லும், தென்கொரியாவோடு 1953லும் செய்த ஒப்பந்தங்கள்தான் நிஜமான காவலாக இருந்தன. பெரும்பாலும் இருவருக்கு இடையிலானவை. ஜப்பானோடு ஒரே கூட்டணியில் உட்காரத் தென்கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அன்று மனம் வராது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின் காயம் ஆறவில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனி மீதும் இதே வெறுப்பு இருந்தது, ஆனாலும் 1955ல் மேற்கு ஜெர்மனியை நேட்டோவுக்குள் சேர்த்தார்கள். அங்கே சோவியத் டாங்கிகள் ஜெர்மன் மண்ணிலேயே நின்றன. ஆசியாவில் ஆபத்து இடத்துக்கு இடம் வேறு முகத்தோடு வந்தது: ஓரிடத்தில் எல்லை தாண்டும் படை, ஓரிடத்தில் உள்நாட்டுக் கெரில்லா. எல்லோருக்கும் ஒரே பூட்டு போட முடியவில்லை.

அதற்காக நேட்டோ சண்டை சச்சரவில்லாத குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். 1966ல் டிகால் பிரான்ஸை ராணுவத் தலைமையிலிருந்து விலக்கி, தலைமையகத்தையே பாரிஸிலிருந்து பெல்ஜியத்துக்கு அனுப்பினார். சைப்ரஸ் விவகாரத்தில் 1974ல் கிரீஸ் கோபித்துக்கொண்டு ராணுவ அமைப்பை விட்டு வெளியேறி, 1980ல்தான் திரும்பியது. இரண்டு நாடும் ஒப்பந்தத்தை மட்டும் விடவில்லை. விட்டால் இழக்க நிறைய இருந்தது. அப்புறம், நேட்டோ இல்லாவிட்டால் சோவியத் படை மேற்கு ஐரோப்பாவுக்குள் நுழைந்திருக்குமா? இதற்கு ஆம், இல்லை என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஏழு நாளில் ரைன் நதியை எட்டுவதாக 1979ல் சோவியத் தலைமையிலான வார்சா அணி போட்ட ஒத்திகைத் திட்டத்தைப் போலந்து 2005ல் வெளியிட்டது. பார்த்தீர்களா என்று பலர் அதைக் காட்டுவார்கள். ஆனால் அந்தத் திட்டமே நேட்டோ முதலில் அணுகுண்டு போட்டது என்ற கற்பனையில்தான் தொடங்குகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 5வது பிரிவு பனிப்போரில் ஒருமுறைகூடப் பயன்படவில்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க், வாஷிங்டன் தாக்குதலுக்குப் பிறகுதான் முதல்முறையாக அதை எடுத்தார்கள். அப்போது சோவியத் யூனியன் மறைந்து பத்து வருடம் ஆகப்போகிறது.

சீட்டோ அமைப்பு 1977 ஜூன் 30 அன்று கலைந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்துவிட்டது. விட்டுச்சென்றதில் ராணுவ சம்பந்தமானது எதுவும் தேறாது. பாங்காக்கில் 1959ல் தொடங்கிய சீட்டோ பொறியியல் பட்டமேற்படிப்புப் பள்ளி, இன்று ஆசியத் தொழில்நுட்பக் கழகமாக நடக்கிறது. டாக்காவில் 1960ல் தொடங்கிய சீட்டோ காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள்தான் 1968ல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்று சிகிச்சைச் சோதனையில் காட்டினார்கள். இன்று மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பொட்டலமாகக் கிடைப்பது அந்த வழியில் வந்ததுதான். அந்த ஆய்வுக்கூடம் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமாக டாக்காவில் இன்றும் இயங்குகிறது.

கடைசியாக ஒரு சட்ட விவரம். 1977ல் கலைத்தது அமைப்பைத்தான்; மணிலா ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. அமெரிக்காவும் தாய்லாந்தும் இன்றும் தங்கள் பாதுகாப்பு உறவுக்கு அடிப்படையாகக் காட்டுவது 1954ன் அந்த ஒப்பந்தத்தையும் 1962ன் ரஸ்க்–தனாட் அறிக்கையையும்தான்.